பிறவுணியின் கோப்பையில் சோறு

இதை இரண்டு பேர் சேர்ந்து எழுதுகிறோம். ஒரே வீட்டில், ஒரே அறையில் வளர்ந்த அக்காவும் தங்கச்சியும். எந்த வரியை யார் எழுதினது என்று பிரிக்க வெளிக்கிட்டால் சண்டைதான் வரும். ஆகவே முழுக்க 'நாங்கள்' என்றே போட்டிருக்கிறோம். பிழை விட்டதும் இரண்டு பேரும்தான்.

பிழை இதுதான்: 2023 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் எங்கட நாயின் கோப்பையிலிருந்து சோற்றை எடுத்துவிட்டோம். அது அவனுக்கு நல்லது என்று முழுசாக நம்பித்தான் எடுத்தோம்.

பிறவுணி 2019 மாரியில் வந்தவன். ரியூசன் முடிந்து வரும் வழியில், கோண்டாவிலில் ஒரு மதகுக்குப் பக்கத்தில் நனைந்துகொண்டு நின்றான். சைக்கிள் கூடைக்குள் வைத்துக் கொண்டு வந்தோம். தாய் ஊர் நாய், தகப்பன் ஏதோ லப்றடோர் கலப்பு என்று பிறகு அயலில் சொன்னார்கள். அம்மா முதல்நாள் "இந்த வீட்டில ரெண்டு பேருக்குச் சமைக்கிறதே காணும்" என்றா. இரண்டாம் நாள் அவனுக்கென்று ஒரு அலுமினியக் கோப்பை எடுத்து வைத்தா.

குட்டியாக இருந்தபோது ஒருக்கா மீன்முள் தொண்டையில் சிக்கி, படாத பாடு பட்டான். அன்றோடு எங்கட வீட்டில் நாய்க்கு மீன் இல்லை. கோழிக்கடையில் கழுத்தும் காலும் ஈரலும் மலிவாக வாங்கி, உப்புத் தூள் போடாமல் அவித்து, எலும்பை எடுத்துவிட்டு, சோற்றோடு பிசைந்து வைப்பா அம்மா. காலையும் பின்னேரமும் அதுதான். 2022 இல் காஸ் இல்லாமல் வளவுக்குள் மூன்று கல் வைத்துச் சமைத்த காலத்திலும், அரிசி விலை ஏறி நாங்கள் இரவில் பாணோடு சமாளித்த காலத்திலும், அவனுடைய பிடி சோறு குறையவில்லை. தன்னுடைய கோப்பையில் குறைத்துத்தான் அம்மா அதைச் சரிக்கட்டினா என்று எங்களுக்குத் தெரியும். தெரியாத மாதிரி இருந்தோம்.

2022 கடைசியில் அவன் சொறியத் தொடங்கினான். முதலில் முன்னங்கால் விரல்களுக்கு இடையில் நக்கல். பிறகு காது. பிறகு வயிறும் கக்கமும் சிவந்துவிட்டது. இரவில் விறாந்தையில் படுத்துக்கொண்டு சொறியும்போது பின்னங்கால் சீமெந்தில் அடிக்கும் சத்தம் 'டொக் டொக்' என்று அறைக்குள் கேட்கும். நாங்கள் எழும்பிப் போய்க் காலைப் பிடித்துக்கொண்டு இருப்போம். கையை எடுத்தால் திரும்பவும் தொடங்கும். வெள்ளை மயிர் இருந்த இடமெல்லாம் எச்சில் பட்டுச் செம்மண் நிறமாகிவிட்டது. கிட்டப் போனால் பழைய பாண் மாதிரி ஒரு மணம்.

ஊரில் ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். ஒருவர் வாகனத்தின் கழிவு ஒயிலைப் பூசச் சொன்னார். தயவுசெய்து இதை யாரும் செய்யாதீர்கள். அது தோலாலும் உள்ளே போகும், நாய் நக்கும்போது வயிற்றுக்குள்ளும் போகும், நஞ்சு. நாங்கள் வேப்பிலை அவித்த தண்ணீரில் குளிக்க வார்த்தோம். ஒரு இடத்தில் ஊசி போட்டார்கள். மூன்று கிழமை நின்றது. பிறகு முன்னதைவிட மோசமாக வந்தது. இன்னொரு ஊசி. இன்னொரு மூன்று கிழமை.

இந்த நேரத்தில்தான் கனடா அக்கா வட்ஸ்அப்பில் வந்தா. பெரியம்மாவின் மகள், ஸ்காபறோவில் இருக்கிறா. அவவிடம் ஒரு கோல்டன் றிற்றீவர் நாய். பிறவுணியின் வயிற்றுப் படத்தைப் பார்த்ததும் சொன்னா:

"இது சோத்தால வாற அலர்ஜி. நாய் எண்டால் ஓநாயின்ர இனம். அதுக்கு அரிசி, கோதுமை ஒண்டும் ஒத்துவராது. இஞ்ச நாங்கள் தானியம் இல்லாத சாப்பாடுதான் குடுக்கிறம். பாருங்கோ எங்கட ஆளின்ர மயிர் எப்பிடி மினுங்குது எண்டு."

மினுங்கத்தான் செய்தது. எங்களுக்கு அது போதுமாக இருந்தது.

கொழும்பில் ஒரு கடையில் தானியம் இல்லாத நாய்ச் சாப்பாடு இருந்தது. இறக்குமதி. ஒரு பையின் விலை எங்களில் மூத்தவளின் சம்பளத்தில் நாலில் ஒன்று. இளையவள் தன்னுடைய சேமிப்பை உடைத்தாள். பஸ்சில் பார்சலாக வந்தது. பையின் முன்பக்கம் பனிக்காட்டில் ஓநாய் ஒன்று நின்றது. அதை விறாந்தையில் வைத்துவிட்டு அம்மாவிடம் சொன்னோம், "இனி அவனுக்குச் சோறு வைக்க வேண்டாம்."

அம்மா பையைப் பார்த்தா. எங்களைப் பார்த்தா. "சோறு திண்டு வளந்த நாய்க்குச் சோறு நஞ்சாப் போச்சோ?" என்று மட்டும் கேட்டா. நாங்கள் ஓநாய் பற்றி விளக்கினோம். ஆராய்ச்சி என்று ஒரு சொல்லையும் போட்டோம். நாங்கள் ஒரு ஆராய்ச்சியும் வாசித்திருக்கவில்லை.

அன்றிரவு அம்மா சாப்பிடாமல் படுத்தா. அடுத்த நாள்தான் அந்தக் கதையைச் சொன்னா. 1995 ஒக்ரோபர் கடைசி, வலிகாமமே எழும்பித் தென்மராட்சிக்குப் போன இரவு. அம்மாவுக்கு அப்ப பதினாறு வயசு. வீட்டில் ஒரு நாய் நின்றது. சைக்கிளில் ஏற்ற இடமில்லை. அம்மம்மா வெளிக்கிட முதல் ஒரு முழுப் பானைச் சோற்றைக் காய்ச்சி, வளவின் மூலையில் வாழையிலை போட்டுக் கொட்டினாவாம். "ரெண்டு நாளைக்காவது காணட்டும்" என்று. திரும்பி வந்தபோது நாய் இல்லை. அதற்கு மேல் அம்மா ஒன்றும் சொல்லவில்லை. நாங்கள் எதைக் கோப்பையிலிருந்து எடுத்தோம் என்று எங்களுக்கு அப்போதுதான் கொஞ்சம் விளங்கியது. என்றாலும் பையைத் திறந்தாயிற்று. நாயும் சொறிகிறது. சோறு நிறுத்தப்பட்டது.

முதல் இரண்டு கிழமை குறைந்த மாதிரித்தான் இருந்தது. கனடா அக்காவுக்குப் படம் அனுப்பினோம், அவ இதயம் அனுப்பினா. இப்போது யோசித்தால், அதே கிழமைதான் அவனுக்குத் தெள்ளு மருந்தும் விட்டிருந்தோம், புதுச் சவர்க்காரத்தால் குளிக்கவும் வார்த்திருந்தோம். மூன்றையும் ஒன்றாகச் செய்துவிட்டு, காசு கூடப் போனதற்கு வெற்றியைக் கொடுத்துவிட்டோம். மனிசருடைய மூளை அப்பிடித்தான் போல.

ஆறாம் கிழமை காதுக்குள் கறுப்பாக அழுக்கு வந்தது. வயிற்றுத் தோல் யானைத்தோல் மாதிரித் தடித்துவிட்டது. இரண்டாவது பையும் வாங்கினோம். 'உடம்பிலிருக்கிற பழைய சோறெல்லாம் கழிய நாள் எடுக்கும்' என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டோம். மூன்றாவது பைக்குக் காசு இல்லாமல் போனபடியால்தான் மிருக வைத்தியரிடம் போனோம். வெட்கமாக இருக்கிறது, ஆனால் உண்மை அதுதான்.

அந்த டொக்டர் அம்மாவின் வயசுக்காரி. முதலில் சாப்பாடு பற்றிக் கேட்கவே இல்லை. மயிரைப் பிரித்துத் தெள்ளும் உண்ணியும் தேடினா. தோலைக் கத்தியால் மெல்லச் சுரண்டி, கண்ணாடித் துண்டில் வைத்து நுணுக்குக்காட்டியில் பார்த்தா, சொறிப்பூச்சி இருக்கா என்று. காதிலிருந்தும் எடுத்துப் பார்த்தா. பூச்சி இல்லை. மதுவமும் பற்றீரியாவும் நிறைய. அந்தப் பழைய பாண் மணம் மதுவத்தினுடையது. "இது காரணம் இல்லை பிள்ளையள், விளைவு. தோல் வேற ஏதோவொண்டால பழுதாகி, அதுக்கு மேல இதுகள் குடியேறியிருக்கு" என்றா.

பிறகுதான் பையைக் காட்டினோம். கொஞ்சம் பெருமையோடுதான். டொக்டர் முன்பக்கத்து ஓநாயைப் பார்க்கவில்லை. பையைத் திருப்பிப் பின்பக்கத்துச் சின்ன எழுத்தை வாசித்தா. உலர்ந்த கோழி இறைச்சி, பட்டாணி, பருப்பு, உருளைக்கிழங்கு, கோழிக்கொழுப்பு.

"முதல் என்ன குடுத்தனீங்கள்?"

"சோறும் கோழியும்."

"இப்ப?"

நாங்கள் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தோம்.

"தானியம் இல்லை எண்டு எழுதியிருக்கு. கோழி இருக்கெண்டும் எழுதியிருக்கு. நீங்கள் முதலாவதை மட்டும் வாசிச்சிருக்கிறியள்."

அன்றைக்கு அவ அரை மணித்தியாலம் எங்களுக்குப் பாடம் எடுத்தா. வீட்டுக்கு வந்து நாங்களும் தேடித் தேடி வாசித்தோம். முந்தி வாசித்திருக்க வேண்டியதை அப்போதுதான் வாசித்தோம். எங்களுக்கு விளங்கியதைச் சொல்கிறோம்.

நாய் சொறிந்தால் அது உணவு ஒவ்வாமை என்று அர்த்தமில்லை. தெள்ளுக்கடி ஒவ்வாமையும், தூசுப்பூச்சி, பூந்தூள், பங்கசு போன்ற சூழலில் இருக்கிற சாமான்களால் வரும் ஒவ்வாமையும்தான் அதிகம். உணவு அதற்குப் பிறகுதான். உணவாக இருந்தாலும், ஒவ்வாமை பெரும்பாலும் புரதத்துக்குத்தான் வரும். 2016 இல் மூன்று தோல்நோய் மிருக வைத்தியர்கள், அதுவரை வெளிவந்த ஆய்வுகளில் உணவு ஒவ்வாமை உறுதியான 297 நாய்களின் விபரங்களைச் சேர்த்துப் பார்த்தார்கள். மாட்டிறைச்சிக்கு 34 வீதம், பால் சாமான்களுக்கு 17 வீதம், கோழிக்கு 15 வீதம், கோதுமைக்கு 13 வீதம். சோளம் 4 வீதம். அரிசி வெறும் 2 வீதம்.

அந்த 2 வீதத்தைப் பார்த்ததும் நாங்கள் கொஞ்ச நேரம் கதைக்கவில்லை. குசினிக்குள் அம்மா அரிசி களைகிற சத்தம் கேட்டது.

இந்த எண்களையும் அப்படியே பிடித்துத் தொங்கக்கூடாது. எந்த நாட்டு நாய் எதைக் கூடச் சாப்பிடுகிறதோ, அது அந்தப் பட்டியலில் மேலே வரும். மேற்கு நாடுகளில் நாய்ச் சாப்பாட்டில் மாட்டிறைச்சி அதிகம், அதனால் அது முதலிடம். எங்கட பக்கத்து நாய்களை எண்ணினால் வரிசை மாறலாம். இன்னொன்று, கோதுமையின் 13 வீதம் சும்மா ஒதுக்குகிற எண் இல்லை. தானியம் ஒத்துவராத நாய்கள் உண்மையாகவே இருக்கின்றன. ஐரிஷ் செற்றர் என்ற இனத்தில் சில குடும்பங்களுக்குக் கோதுமையிலுள்ள குளூட்டன் குடலைப் பாதிக்கும் பரம்பரைப் பிரச்சினையே உண்டு. ஆனால் கோதுமை ஒத்துவராத நாய்க்குக் கோதுமையை நிறுத்தினால் காணும். அதற்காக அரிசி, குரக்கன், சோளம் எல்லாவற்றையும் ஒரே கயிற்றில் கட்டி வெளியே எறியத் தேவையில்லை.

ஓநாய்க் கதையும் பாதிதான் சரி. நாயும் ஓநாயும் ஒரே வழி வந்தவைதான். ஆனால் மனிசரோடு குந்தியிருந்த ஆயிரக்கணக்கான வருசத்தில் நாய் மாறிவிட்டது. 2013 இல் சுவீடனைச் சேர்ந்த ஆய்வாளர்கள் நேச்சர் சஞ்சிகையில் எழுதினார்கள்: மாப்பொருளைச் செரிக்க உதவும் அமிலேசு நொதியத்துக்கான மரபணு ஓநாயில் இரண்டு பிரதிதான், நாய்களில் நாலிலிருந்து முப்பது வரை. எங்கட வாசலில் மிச்சச் சோற்றுக்காக இருந்து இருந்துதான் அது நாயானது என்றுகூடச் சொல்லலாம். அவித்த சோறு நாய்க்கு நன்றாகச் செரிக்கும். ஒவ்வாமை வேறு விசயம், செரிமானம் வேறு விசயம். இரண்டையும் நாங்கள் குழப்பிவிட்டோம்.

தானியத்தின் மேல் இந்தப் பயம் எங்கிருந்து வந்தது? ஒரு பங்கு 2007 இலிருந்து. அந்த வருசம் அமெரிக்காவில் விற்ற நாய், பூனைச் சாப்பாட்டில் சேர்த்த கோதுமைக் குளூட்டனுக்குள் மெலமீன் என்ற இரசாயனம் கலந்திருந்தது. சீனாவிலிருந்து வந்த கலப்படம். சிறுநீரகம் பழுதாகிப் பல செல்லப்பிராணிகள் செத்தன. குற்றம் கலப்படம் செய்தவனுடையது. பழி கோதுமைக்கும் சேர்ந்து விழுந்தது. மனிசருக்கு குளூட்டன் இல்லாத சாப்பாடு பிரபலமாக, அதுவும் சேர்ந்துகொண்டது.

"சரி, தானியம் இல்லாததைக் குடுத்தால் நட்டம் காசு மட்டும்தானே?" என்று நாங்களும் கேட்டோம். அவ்வளவு இலேசாகச் சொல்ல ஏலாது. 2018 ஜூலையில் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் ஒரு எச்சரிக்கை விட்டது. நாய்களின் இதயம் பெருத்துப் பலவீனமாகும் ஒரு நோய், வழமையாக அது வராத இனங்களிலும் வருகிறது, அவற்றில் பல தானியம் இல்லாத சாப்பாடு சாப்பிட்டவை என்று. 2019 ஜூனில் விபரம் வெளியிட்டார்கள். ஐந்து வருசத்துக்கு மேலாக வந்த 524 முறைப்பாடுகள், அதில் 515 நாய்களைப் பற்றியது. அவற்றில் சொல்லப்பட்ட சாப்பாடுகளில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் தானியம் இல்லாதவை. 93 வீதத்தில் பட்டாணியோ பருப்போ இருந்தது. தானியத்தை எடுத்த இடத்தை எதையாவது கொண்டு நிரப்பத்தானே வேண்டும், நிரப்பியது இந்தப் பட்டாணியும் பருப்பும்தான்.

இது நிரூபணம் இல்லை. முறைப்பாடு வந்த எண்ணிக்கையை வைத்து மட்டும் காரணத்தை நிறுவ முடியாது என்று அந்த நிர்வாகமே சொன்னது. 2022 டிசம்பரில், புதிய உறுதியான தகவல் வரும்வரை இது பற்றி மேலும் அறிவிப்பு விடும் எண்ணமில்லை என்றும் அறிவித்தது. ஆகவே 'அந்தச் சாப்பாடு கொல்லும்' என்று நாங்கள் எழுதினால் அதுவும் பொய்தான். ஆனால் ஒரு தேவையும் இல்லாமல், ஓநாய்ப் படத்தை நம்பி, அந்தச் சந்தேகத்துக்குள் ஒரு நாயைக் கொண்டுபோய் நிற்பாட்டுவது ஏன்? இதைக் கனடா அக்காவுக்கும் அனுப்பினோம். அவ இரண்டு நாள் பதில் போடவில்லை. கோபம் என்று நினைத்தோம். மூன்றாம் நாள், "வைத்தியரிட்டக் கொண்டுபோய் இதயத்தை ஸ்கான் பண்ணினனான், சுகமாத்தான் இருக்கிறான், சாப்பாட்டை மாத்தப்போறன்" என்று குரல் பதிவு வந்தது. குரல் கொஞ்சம் நடுங்கியிருந்தது. அவவும் அன்பில்தான் சொன்னவ.

இனிப் பிறவுணியின் கதை. உணவு ஒவ்வாமையா என்று கண்டுபிடிக்க நம்பக்கூடிய வழி ஒன்றுதான் இருக்கிறது என்றா டொக்டர். இரத்தம், எச்சில், மயிர் எடுத்துச் செய்யும் சோதனைகள் உணவு விசயத்தில் நம்பிக்கைக்கு உரியவை இல்லை. அவன் முன்னம் சாப்பிடாத ஒரு புரதமும் ஒரு மாப்பொருளும் மட்டும் எட்டுக் கிழமைக்குக் கொடுக்க வேண்டும். வேறு ஒன்றும் வாயில் படக்கூடாது. உணவு ஒவ்வாமையுள்ள நாய்களில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் அந்த எட்டுக் கிழமைக்குள் சுகம் காட்டும். பிறகு பழைய சாப்பாட்டை ஒவ்வொன்றாகத் திருப்பிக் கொடுத்துப் பார்க்க வேண்டும். திரும்பச் சொறிந்தால்தான் காரணம் உறுதி. இதற்கென்றே புரதத்தைச் சின்னச் சின்னத் துண்டாக உடைத்துச் செய்த சாப்பாடும் இருக்கிறது. அதன் விலையைக் கேட்டுவிட்டு நாங்கள் பேசாமல் இருந்தோம். டொக்டரே சிரித்துவிட்டு, "மீன் குடுக்கிறேல்ல எண்டனீங்கள் என்ன? அப்ப உங்களுக்கு அதிர்ஷ்டம். சூரை மீனும் சோறும்" என்றா.

"சோறா?" என்று இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கேட்டோம்.

"சோறுதான். சோத்தில சந்தேகம் இருந்தால் கடைசியாப் பாப்பம். எட்டாம் கிழமை குறையாட்டி மரவள்ளிக் கிழங்குக்கு மாறுவம்."

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொல்லத் தைரியம் இல்லாமல் ஒருவரை ஒருவர் தள்ளினோம். கடைசியில், "அம்மா, நாளையில இருந்து அவனுக்குச் சோறு வைக்கலாமாம்" என்றோம். அம்மா, "அப்பிடியோ" என்றா. பின்னேரமே அந்த அலுமினியக் கோப்பை சாம்பல் போட்டு மினுக்கி வெயிலில் கவிழ்ந்திருந்தது.

எட்டுக் கிழமை சொல்ல இலேசு. முதலில் மதுவத்துக்கும் காதுக்கும் மருந்து. அது முடியும்வரைக்கும் எது எதனால் குறைகிறது என்று சொல்ல ஏலாது, பொறுமையாக இருங்கோ என்றா டொக்டர். உண்ணிக்குக் கொடுத்த மாத்திரைகூட நிறுத்தப்பட்டது, ஏனென்றால் நாய் விரும்பித் தின்ன அதற்குள் இறைச்சிச் சுவை சேர்த்திருப்பார்கள். பதிலாக முதுகில் விடும் மருந்து. ஒவ்வொரு இரவும் கலண்டரில் சொறிச்சலுக்குப் பத்துக்கு எத்தனை என்று இரண்டு பேரும் தனித்தனியாகப் புள்ளி போட்டோம். சூரையை அவித்து விரலால் நசுக்கி நசுக்கி முள் பார்த்தது அம்மாதான். பழைய பயம் அவவுக்குப் போகவில்லை.

மூன்றாம் கிழமை புள்ளி திடீரென்று ஏறியது. விசாரித்துப் பார்த்தால், பின்வளவு ஆச்சி வேலிப் பொட்டுக்குள்ளால் கோழிக்குழம்பு பட்ட புட்டு கொடுத்துக்கொண்டு இருந்திருக்கிறா. "மெலிஞ்சு போனான், பாக்க ஏலாமக் கிடந்துது பிள்ளை" என்றா ஆச்சி. அவவோடு எப்படிக் கோபிக்கிறது? கலண்டரில் முதலிலிருந்து எண்ணத் தொடங்கினோம். வேலிப் பொட்டைக் கிடுகு வைத்து அடைத்தோம். ஆச்சிக்கு அவித்த சூரை ஒரு டப்பாவில் கொடுத்து, "கவலை வந்தால் இதைக் குடுங்கோ" என்று சொன்னோம்.

புது எண்ணிக்கையில் ஐந்தாம் கிழமை ஒரு இரவு இளையவள் எழும்பி மூத்தவளைத் தட்டினாள். என்ன என்று கேட்டால், "ஒரு சத்தமும் இல்லை" என்றாள். விறாந்தைக்கு ஓடிப்போய்ப் பார்த்தோம். ஏதோ நடந்துவிட்டது என்றுதான் நினைத்தோம். அவன் வயிற்றைக் காட்டிக்கொண்டு குறட்டை விட்டுப் படுத்திருந்தான். எத்தனை மாதத்துக்குப் பிறகு.

எட்டாம் கிழமை முடிந்து, டொக்டர் சொன்னபடி பாண் கொடுத்துப் பார்த்தோம். இரண்டு கிழமை. ஒன்றும் இல்லை. கோதுமையும் குற்றவாளி இல்லை. பிறகு கோழி. நாங்கள் அதைக் கொடுக்க மனமில்லாமல் இரண்டு நாள் தள்ளிப்போட்டோம். கொடுத்த மூன்றாம் நாள் முன்னங்காலை நக்கத் தொடங்கினான். நாலாம் நாள் காது சிவந்தது. நிறுத்தினோம். அடங்கியது.

கோழிதான். அம்மா பாசத்தோடு மூன்று வருசம் அவித்து வைத்த கோழி. நாங்கள் சம்பளத்தில் நாலில் ஒன்று கொடுத்து, பனிக்காட்டு ஓநாயின் படத்தோடு வாங்கி, இன்னும் செறிவாகக் கொடுத்த அதே கோழி.

"இவ்வளவு காலம் திண்டது எப்பிடி இப்ப மட்டும் ஒத்துவராமப் போகும்?" என்று அம்மா கேட்டா. நாங்களும் அதைத்தான் டொக்டரிடம் கேட்டோம். திரும்பத் திரும்பச் சாப்பிட்ட ஒன்றுக்குத்தான் உடம்பு ஒவ்வாமையைப் பழகும். புதுச் சாப்பாட்டுக்கு இல்லை. 'நேற்றுவரை சாப்பிட்டதுதானே' என்பது அந்தச் சாப்பாட்டுக்கு நற்சான்று இல்லை. அம்மா இதைக் கேட்டுவிட்டு நெடுநேரம் பேசாமல் இருந்தா. பிறகு, "அப்ப நானும் பிழைதான் விட்டிருக்கிறன்" என்றா. சோறு விசயத்தில் அம்மா சரி. கோழி விசயத்தில் எல்லாருமே பிழை. அம்மாவின் நிச்சயமும் எங்கட நிச்சயமும் ஒரே மாதிரியானவை என்று எங்களுக்கு அப்போதுதான் பட்டது. அவவுக்கு அனுபவம் இருந்தது, எங்களுக்குக் கூகுள் இருந்தது. இரண்டு பக்கமும் நாயிடம் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. அந்த எட்டுக் கிழமைதான் நாயிடம் கேட்ட கேள்வி.

ஆகவே, ஒவ்வாமையுள்ள நாய்க்குத் தானியம் இல்லாத சாப்பாடு கொடுக்கலாமா என்று யாராவது எங்களைக் கேட்டால் இப்படித்தான் சொல்வோம்: உங்கட நாய்க்கு எந்தத் தானியம் ஒத்துவரவில்லை என்று இப்படிச் சோதித்துக் கண்டுபிடித்தால், அந்தத் தானியத்தை நிறுத்துங்கள். கண்டுபிடிக்காமல் நிறுத்த வேண்டாம். முதலில் தெள்ளைப் பாருங்கள், தோலைக் காட்டுங்கள், பையின் பின்பக்கத்தை வாசியுங்கள். வைத்தியரிடம் போகக் காசு இல்லை என்று நாங்களும் நினைத்தோம். இரண்டு பைக்குக் கொடுத்த காசில் அவ்வளவு செலவும் முடிந்து மிச்சமும் வந்திருக்கும். அந்த மாதங்கள் முழுக்கச் சொறிந்தது நாங்கள் இல்லை, அவன்.

இப்போதும் அவன் முழுசாகச் சுகம் என்று சொல்ல ஏலாது. சோளகம் எழும்பித் தூசு பறக்கும் மாதங்களில் கொஞ்சம் காலை நக்குவான். அது வேறு ஒவ்வாமையாக இருக்கலாம், பார்ப்போம் என்கிறா டொக்டர். வெறும் சோறும் மீனும் காலம் முழுக்கக் காணாது, கல்சியம் போன்றவை குறையும் என்று அளந்து போட ஒரு தூளும் தந்திருக்கிறா. அம்மா அதைத் தேக்கரண்டியால் தட்டி மட்டம் பார்த்துத்தான் போடுவா.

பனிக்காட்டு ஓநாய்ப் பைகள் இரண்டும் இன்னும் வீட்டில் இருக்கின்றன. நல்ல தடித்த பை. ஒன்றில் ஊமல் கிடக்கிறது. மற்றதில் அம்மா அரிசி போட்டு வைத்திருக்கிறா.